மழை டின்

எல்லோரும் நலம்தானே? வீட்டில் சளி, காய்ச்சல் ஒன்றும் இல்லையே? மழை நாளில் வெந்நீராகக் குடியுங்கள், ஈரத் தலையோடு படுக்காதீர்கள். சொன்னால் கேட்கமாட்டீர்கள், ஆனாலும் சொல்லியாயிற்று. இப்போது திருமுல்லைவாயிலுக்குப் போவோம், தொண்ணூற்றைந்தாம் வருஷத்து ஐப்பசிக்கு. அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாகவல்லி கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு டின்னை இழுத்துக்கொண்டிருக்கிறாள்.

பதினைந்து கிலோ எண்ணெய் பிடிக்கிற சதுர டின். அவள் புருஷன் கோதண்டம் அம்பத்தூர் எஸ்டேட்டில், டின் செய்கிற ஒரு சின்னப் பட்டறையில் வேலை பார்த்தான். மூலை லேசாக நசுங்கி, விலைக்குப் போகாது என்று ஒதுக்கிப் போட்டதை வீட்டுக்குத் தூக்கி வந்திருந்தான். அரிசி கொட்டி வைக்கலாம் என்று அவன் நினைத்தான். நாகவல்லி அதை மழை டின் ஆக்கிவிட்டாள். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று ரேடியோவில் ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும், அவளுக்கு இருப்புக் கொள்ளாது. அடுப்பில் குழம்பு கொதித்தாலும் விட்டுவிட்டு வந்து டின்னை இழுப்பாள். அவல், பொட்டுக்கடலை, வெல்லம், பிஸ்கட், உப்பு, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, காய்ச்சல் மாத்திரை, மகள் கஸ்தூரிக்கு ஒரு மாற்றுப் பாவாடை என்று எல்லாவற்றையும் பாய்மேல் பரப்பி, தொட்டுத் தொட்டுப் பார்த்து, திரும்பவும் அடுக்குவாள். அடுக்கி முடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்தால், அடுப்படிக்குப் போவதற்குள் ஒரு சந்தேகம் வந்துவிடும்.

அன்றைக்குச் சந்தேகம் நிஜமாகிவிட்டது.

"பிஸ்கோத்து ரெண்டு பொட்டலம் வெச்சிருந்தேன். இன்னொண்ணு எங்கடி?"

"எனுக்கு இன்னா தெரியும்? நைனாவ கேளு," என்றாள் கஸ்தூரி, புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல். பதினோரு வயசு. பொய் சொல்லும்போது அவளுக்குப் படிப்பில் ரொம்ப அக்கறை வந்துவிடும்.

"தீப்பெட்டியுங் காணோம்."

வாசற்படியில் உட்கார்ந்திருந்த கோதண்டம் பீடியை வாயிலிருந்து எடுத்தான். "ஒரு தீப்பெட்டி எடுத்தேன். அதுக்கு இன்னா இப்ப? புயலு வாசல்ல வந்து நிக்குதா?"

"மெழுவத்தி?"

"போன வாரம் கரண்டு போச்சே, நீதானமே எட்த்து ஏத்துன!"

அது வாஸ்தவம்தான். அதனால் அவளுக்குக் கோபம் அதிகமாயிற்று. வீட்டுக்குள்ளேயே டின் கரைந்துகொண்டிருந்தது. தண்ணீர் வருவதற்கு முன்னாலேயே வீட்டு மனுஷர்கள் அதைத் தின்று தீர்த்துவிடுவார்கள் போலிருந்தது.

தெருவில் மற்றவர்களுக்கு இந்தப் பைத்தியம் வேடிக்கையாக இருந்தது. மழை என்றால் அவர்களுக்கும் பயம் உண்டு. ஏரிக்குத் தண்ணீர் வருகிற வாய்க்காலைத் தூர்த்து மனை போட்ட தெரு அது; வாய்க்கால் அதை மறக்கவில்லை. ஆனால் நாகவல்லிக்குத் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை. எண்பத்தைந்தில் வந்த பெருமழையில் தெருவே பள்ளிக்கூட மாடியில் போய் ஏறியது. கஸ்தூரி அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். நாகவல்லி குழந்தையை மட்டும் இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தாள். பக்கத்து வீட்டுக் குப்பம்மா விவரமானவள், ஒரு துணிப்பை நிறைய ரஸ்க் கொண்டுவந்திருந்தாள். மறுநாள் குழந்தை அழுது அழுது குரல் போய், சத்தமில்லாமல் வாயை மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தபோது நாகவல்லி எழுந்து போய்க் கையை நீட்டினாள். குப்பம்மா ஒன்றும் திட்டவில்லை. "எனுக்கே மூணு புள்ளைங்க கீதுடி" என்று மெல்லச் சொன்னாள். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். ஒரு ரஸ்க்கை இரண்டாக உடைத்துப் பாதியைக் கொடுத்தாள். மீதிப் பாதியைப் பைக்குள் போட்டு, பையின் வாயை முடிச்சுப் போட்டு, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

நடந்தது அவ்வளவுதான். குழந்தை அதைச் சப்பிவிட்டுத் தூங்கியது. தண்ணீர் வடிந்தது, எல்லோரும் வீடு திரும்பிச் சேற்றை வாரிக் கொட்டினார்கள். குப்பம்மா மறுபடியும் சுவருக்கு மேலே தலையை நீட்டி ஊர்க்கதை பேசினாள். நாகவல்லியும் பேசினாள். மீன் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் சுவரைத் தாண்டிப் போகும். அந்தப் பக்கத்திலிருந்து எது வந்தாலும், "இப்பத்தான் துன்னோம் யக்கா" என்று சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பிவிடுவாள். ஒரு கருவேப்பிலைக் கொத்துகூட வாங்கியதில்லை. குப்பம்மா அதைக் கவனித்தாளா இல்லையா என்று நாகவல்லிக்குத் தெரியாது. அந்த முடிச்சு மட்டும் அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை. இனி ஒருநாளும் இவள் முன்னால் கை நீட்டக் கூடாது. டின் அதற்குத்தான். இதைக் கோதண்டத்திடம்கூட அவள் சொன்னதில்லை. சொன்னால், பாதி ரஸ்க்குக்கா இத்தனை வருஷம் என்று சிரித்துவிடுவான்.

மறு ஞாயிற்றுக்கிழமை கோதண்டம் பட்டறையிலிருந்து பற்றவைக்கிற ராடும், ஈயமும், ஒரு குப்பியில் ஆசிட்டும் கொண்டுவந்தான். வாரம் முழுக்க அவள் தூக்கத்தில் எழுந்து எழுந்து டின்னைத் திறந்து பார்த்ததில் அவனுக்கும் தூக்கம் கெட்டிருந்தது.

"எல்லாத்தியும் உள்ள போடு. இன்னியோட இந்தப் பேஜாரு முடிஞ்சுது."

"இன்னா பண்ணப் போற?"

"மூடி வெச்சி பத்தவெச்சுடப் போறேன். அப்பறம் எவன் தொறக்கறான்னு பாக்கறேன். உன்னியுஞ் சேத்துத்தான் சொல்றேன்."

அவள் புதுத் தீப்பெட்டி, புது மெழுகுவர்த்தி, பிஸ்கட் எல்லாம் வாங்கி வந்து அடுக்கினாள். அவன் டின்னைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தான். உள்ளே கடகடவென்றது. டின் குலுங்கினால் அவனுக்குப் பிடிக்காது, தொழில் புத்தி. பொட்டுக்கடலைப் பையை அவிழ்த்து, சந்து பொந்தெல்லாம் நிறைகிற மாதிரி தளரக் கொட்டி, தட்டித் தட்டி விளிம்புவரை நிரப்பினான். பம்ப் ஸ்டவ்வில் ராடைக் காயவைத்து, மூடியைப் பொருத்தி, ஆசிட்டைத் தடவி ஈயத்தை ஓட்டினான். வெள்ளைப் புகை மூக்கைக் குத்தியது. குப்பம்மா சுவருக்கு மேலே முளைத்தாள்.

"இன்னா கோதண்டம், டின்னுக்கா பத்தவெக்கற, பொண்டாட்டி வாய்க்கா?"

"ரெண்டுக்கும் ஈயம் பத்தாது யக்கா. உன் வாயி வேற பாக்கி கீது."

குப்பம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நாகவல்லி சிரிக்கவில்லை. ஈயம் நெளிந்து நெளிந்து ஓடி, நாலு பக்கமும் சுற்றி வந்து, ஆரம்பித்த இடத்தில் போய்ச் சேருவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறியதும் கோதண்டம் ஒரு வாளித் தண்ணீரை அதன்மேல் ஊற்றி, கவிழ்த்துப் பிடித்து, விளிம்பை விரலால் தடவினான்.

"ஏரில தூக்கிப் போட்டாலும் ஒரு சொட்டு உள்ள பூராது."

"எப்டித் தொறக்கறது?"

"ராட காயவெச்சி ஓட்டுனா ஈயம் தன்னால உட்டுடும். ரெண்டு நிமிசம்."

"நீ இல்லேன்னா?"

"நான் எங்கமே போவப் போறேன்?"

அன்று ராத்திரி அவன் குறட்டை விட்டுத் தூங்கினான். நாகவல்லி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். உப்பு போட்டோமா? வெல்லத்துக்குப் பக்கத்தில் வைத்த ஞாபகம் இருந்தது. ஆனால் அது போன வாரம் அடுக்கியதா, இன்றைக்கு அடுக்கியதா? காலையில் டின்னைக் காதோடு சேர்த்துக் குலுக்கினாள். ஒரு சத்தமும் இல்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் உப்பு ஒரு தீராத வியாதியாகிவிட்டது. சோறு போடும்போது, "யோவ், உப்புப் பொட்டலத்த நீ பாத்தியா?" என்பாள். கோதண்டம், "இந்தக் கொழம்புல கீது, போதுமா?" என்பான். திறக்க முடியாத டின்னை அவள் துடைத்தாள். பரணில் ஏற்றினாள். பரண் உயரம், அவசரத்துக்கு ஆகாது என்று இறக்கினாள். கதவுக்குப் பின்னால் வைத்தாள். ஒவ்வொரு செய்திக்கும் போய் அதன் தலையில் கை வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள். அந்த வருஷம் ஐப்பசியும் கார்த்திகையும் தெருவில் கணுக்கால் தண்ணீரோடு போய்விட்டன. தையில் பனி வந்தது, மாசியில் வெயில் வந்தது. சித்திரையில் ஏரி வெடித்துக் கிடந்தது, பையன்கள் அதில் கிரிக்கெட் ஆடினார்கள். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற அவசரத்தில், மேல் அலமாரியில் எட்டாததை எடுக்க அவள் அந்த டின்மேல்தான் ஏறி நின்றாள். மழையை நினைக்காத மாதம் என்று அவளுக்கும் ஒன்று இருந்தது.

தொண்ணூற்றாறில் ஆனி பிறக்கிற சமயத்தில், ஒருவரும் எதிர்பாராமல், அந்த மழை வந்தது. சாயங்காலம் வெயில் தணிந்ததென்று எல்லோரும் சந்தோஷமாக வாசலில் நின்று நனைந்தார்கள். கோதண்டம் நைட் ஷிப்ட்டுக்குச் சைக்கிளில் போனான். விடியும்போது நாகவல்லி கட்டிலிலிருந்து காலைத் தொங்கப்போட்டாள், கால் தண்ணீரில் பட்டது. வெளியே வாய்க்கால் தன் பழைய வழியைப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. கஸ்தூரியையும் டின்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினால், பள்ளிக்கூடத்துக்குப் போகிற திருப்பத்தில் தண்ணீர் மார்புக்கு வந்துவிட்டது. டின்னைத் தலைக்கு மேல் தூக்கப் பார்த்தவள் தடுமாறி அதை விட்டுவிட்டாள். ஆனால் அது மூழ்கவில்லை. மிதந்தது. நசுங்கிய மூலையை மேலே காட்டிக்கொண்டு, மெல்ல ஆடி ஆடி, அவள் கைக்குப் பக்கத்திலேயே நின்றது.

"கஸ்தூரி, டின்ன கட்டிப் புடிச்சுக்கோ!"

பின்னால் குப்பம்மாவின் குரல் கேட்டது. அவள் இப்போது தனிக்கட்டை, பிள்ளைகள் கல்யாணமாகித் திசைக்கொன்றாகப் போய்விட்டார்கள். குள்ளமான மனுஷி. தண்ணீர் மோவாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு கையில் சுவர்க் கடிகாரத்தை உயர்த்திப் பிடித்திருந்தாள். நாகவல்லி யோசிக்கவே இல்லை. டின்னை அவள் பக்கம் தள்ளி, "புடி யக்கா!" என்றாள். மூன்று பேரும் அதைத் தழுவிக்கொண்டு, காலால் தரையைத் தேடித் தேடி, பள்ளிக்கூடத்துப் படிக்கட்டைப் பிடித்தார்கள்.

மாடி வராந்தாவில் தெருவே இருந்தது. வெயில் காலத்தில் யார் எதைக் கட்டி வைத்திருப்பார்கள்? ஒருவன் ஸ்டவ் கொண்டுவந்திருந்தான், கிருஷ்ணாயில் இல்லை. ஒருத்தி கோழியைக் கொண்டுவந்தாள், அது பறந்துபோய்ப் பூவரச மரத்தில் உட்கார்ந்துவிட்டது. குப்பம்மாவின் கடிகாரத்தைப் பார்த்து, "இன்னா குப்பம்மா, எத்தினி மணிக்கு தண்ணி வடியும்?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவளும், "கைல அதான் மாட்டுச்சி" என்று சிரித்தாள். மத்தியானத்துக்குப் பிறகு சிரிப்பு நின்றது. சோற்றுப் பொட்டலம் வரும் என்றார்கள், வரவில்லை. எல்லோர் கண்ணும் ஒவ்வொன்றாக டின்னுக்கு வந்தது. அதற்குள் என்ன இருக்கிறதென்று தெருவுக்கே தெரியும்.

"தொறயேன் நாகு," என்றாள் ஒருத்தி.

"எங்கத்த தொறக்கறது? அவுரு பத்தவெச்சிட்டாரு. அவுரு ராடு வெச்சாத்தான் உடும்."

அப்படிச் சொல்லும்போது அவளுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. உண்மையைத்தானே சொன்னாள். மறுநாள் காலையிலும் அதையே சொன்னாள். மழை விட்டு விட்டுப் பெய்தது. எஸ்டேட் பக்கம் ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை, கோதண்டம் எங்கே நிற்கிறானோ தெரியவில்லை. வராந்தாச் சுவரைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தாள். பார்த்துவிட்டு வந்து டின்மேல் உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். பள்ளிக்கூட வாட்ச்மேன் உத்தமன் ஒரு இரும்புக் கம்பியைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் சாத்தினான். பெல் அடிக்கிற கம்பி அது. "ஒரு போடு போட்டா பொளந்துக்கும்மா, வெறுந் தகடுதான?" என்றான்.

"அவுரு வரட்டும்."

"மா, பசிக்குது," என்றாள் கஸ்தூரி.

"நைனா வந்துடும்."

கஸ்தூரி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். திறந்தால் என்ன ஆகும் என்று நாகவல்லிக்குத் தெரியும். இத்தனை வாய், ஆளுக்கொரு பிடி, சாயங்காலத்துக்குள் வெறும் டின். நாளைக்குப் பொழுது விடிந்தால் கையை நீட்ட வேண்டும், யாரிடமோ. மூடியிருக்கிறவரை அவள் இருக்கப்பட்டவள். இதெல்லாம் நியாயமாகத்தான் பட்டது. நியாயத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது. எல்லோரும் கேட்டுவிட்டார்கள், குப்பம்மா மட்டும் கேட்கவில்லை. தூணில் சாய்ந்து, நின்றுபோன கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு, பூவரச மரத்துக் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று ராத்திரியே அவள் வயிறு கத்தியது நாகவல்லி காதில் விழுந்தது. இவள் கேட்கட்டும். ஒரே ஒரு தடவை கையை நீட்டட்டும். பதினோரு வருஷமாக எதற்குக் காத்திருந்தோம் என்பது டின்மேல் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில்தான் நாகவல்லிக்கே தெரிந்தது. தெரிந்ததும் உடம்பு கூசியது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

வெயில் மாதிரி ஒன்று வந்து போயிற்று. கஸ்தூரி எழுந்து போய்க் குப்பம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். குப்பம்மா அவள் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் உதடு வெளுத்திருந்தது.

நாகவல்லியால் தாங்க முடியவில்லை. "பசிக்குதா யக்கா?"

"இல்லடி."

"நேத்துலேர்ந்து ஒண்ணும் துன்னல."

"பழகிப்போச்சி."

"கேளேன் யக்கா. வாயத் தொறந்து கேட்டா இன்னா?"

குப்பம்மா திரும்பி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ரஸ்க் இருந்ததா, முடிச்சு இருந்ததா, வெறும் பசி மயக்கம்தானா என்று நாகவல்லிக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

"எந்த மூஞ்சிய வெச்சினு கேக்கறது?" என்றாள் குப்பம்மா. சொல்லிவிட்டுத் திரும்பவும் கோழியைப் பார்த்தாள்.

நாகவல்லி டின்னைவிட்டு இறங்கினாள். கம்பியைத் தூக்கி ஓங்கி ஈயம் ஓடிய விளிம்பில் ஒரு போடு போட்டாள். கம்பி வழுக்கிச் சிமெண்டுத் தரையில் தெறித்தது. இன்னொரு போடு. கை எரிந்தது, விளிம்பு அசையவில்லை. "உன் வேலையில இடி வுழ," என்று கோதண்டத்தைத் திட்டிக்கொண்டே, அழுகிறாளா கத்துகிறாளா என்று தெரியாமல், கண்ட இடத்தில் அடித்தாள். வராந்தா முழுக்கப் பள்ளிக்கூடத்து மணியைவிடப் பெரிய சத்தம். தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் எழுந்து அழுதன. கம்பி முனை மூடியின் நடுவில் சொருகிக்கொண்டது. அவள் அதை நெம்பினாள், தகடு ஒரு விரல் அகலத்துக்குக் கிழிந்தது. நெம்பிய வேகத்தில் டின் சாய்ந்து படிக்கட்டுப் பக்கம் உருளப் போயிற்று. அவள் பாய்ந்து இரண்டு கையாலும் அதைத் தழுவிப் பிடித்தாள். கிழிசலிலிருந்து பொட்டுக்கடலை பொலபொலவென்று கொட்ட ஆரம்பித்தது. நிமிர்த்தினால் பிடி நழுவும். விட்டால் தண்ணீரில் விழும். கையை எடுக்க வழியில்லை.

"யக்கா! கொட்டுது யக்கா, புடி! கைய நீட்டு, சீக்கிரம்!"

குப்பம்மா எப்படி எழுந்தாளோ, கடிகாரம் ஒருபக்கம் விழ, ஓடி வந்து முட்டிபோட்டு, ஈர முந்தானையை இரண்டு கையாலும் விரித்தாள். கஸ்தூரி உள்ளங்கையைக் குழித்தாள். இன்னும் யார் யாரோ வந்தார்கள், கைக்கு மேல் கை. முந்தானை கனத்துத் தொய்ந்தது.

"போதும்டி, நிறுத்துடி."

"எனுக்கு நிறுத்தத் தெரியல யக்கா. நீ புடி. உடாத, நீ புடி."

கைகளுக்குத் தப்பிய கடலைகள் படிக்கட்டில் ஒவ்வொரு படியாகக் குதித்து இறங்கிக்கொண்டிருந்தன. கடைசிப் படியில் செம்மண் தண்ணீர் ஏறி ஏறி அவற்றை எடுத்துக்கொண்டது. நாகவல்லி டின்னைக் கட்டிக்கொண்டு, அதன்மேல் கன்னத்தை வைத்தபடி, கண்ணுக்கு நேரே இருந்த விளிம்பைப் பார்த்தாள். தகடு அத்தனை நசுங்கிக் கிழிந்திருந்தும், ஈயம் மட்டும் ஓர் இடத்தில்கூட விடாமல், நாலு பக்கமும் சுற்றி வந்து, ஈரத்தில் மின்னிக்கொண்டிருந்தது.

அந்த ஆனி மழைக்கு உங்கள் வீட்டில் யார் எதைத் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள்? கூச்சப்படாமல் எழுதுங்கள். சுவர்க் கடிகாரமாக இருந்தாலும் பரவாயில்லை.